குழாய் வாங்குமுன் நீரை அறிவோம்

வீடு கட்ட வங்கிக் கடன் பெற்றவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. அடித்தளம், கூரை, பூச்சுவேலை எனக் கட்டம் கட்டமாகக் கடன் தொகை விடுவிக்கப்பட்டு, கடைசித் தவணை கைக்கு வரும் வேளையில் சேமிப்பும் பொறுமையும் ஏறத்தாழத் தீர்ந்துபோயிருக்கும். குளியலறைப் பொருள்களை வாங்க நாம் கடைக்குச் செல்வது பெரும்பாலும் அந்த வேளையில்தான். சிமெண்டையும் கம்பியையும் பத்துப் பேரிடம் கேட்டு வாங்கிய நாம், கைகழுவும் குழாயை மட்டும் அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். விளக்கொளியில் மின்னும் வரிசையில் கண்ணுக்குப் பிடித்த ஒன்றைக் காட்டி, “இதையே கட்டிக் கொடுங்கள்” என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம்.

கடையில் காட்டப்படும் குழாயில் நீர் வருவதில்லை என்பதை அப்போது நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. அது எவ்வளவு நீரை எவ்வளவு வேகத்தில் தரும், சோப்பு நுரை படிந்த கையால் அதை மூட முடியுமா, நம் ஊர் நீரில் அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பன எவையும் அங்கே தெரிவதில்லை. அங்கே தெரிவது அழகு ஒன்றே. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: முதலில் நீரையும் அதைப் பயன்படுத்தப்போகும் கைகளையும் அறிந்துகொண்டு, பிறகு குழாயைத் தேர்ந்தெடுப்போம்.

எங்கள் வீட்டுப் பாடம்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூருவில் அடுக்கக வீடு ஒன்றை வாங்கியபோது நாங்களும் இதே தவற்றைச் செய்தோம். வாஷ்பேசினுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது, கண்ணாடிபோல் வழவழப்பான உருண்டைத் திருகு கொண்ட குழாய். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

சில மாதங்களில் ஊரிலிருந்து அம்மா எங்களோடு வந்து தங்கினார். மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் வீங்கியிருந்தன. அவர் கைகழுவிவிட்டு வந்த பிறகெல்லாம் குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. “குழாயை நன்றாக மூடக் கூடாதா, அம்மா?” என்று பலமுறை கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. பிறகு வாஷ்பேசின் பக்கம் செல்வதையே நிறுத்திக்கொண்டு, குளியலறை வாளியில் குனிந்து குவளையால் நீர் மொண்டு கைகழுவத் தொடங்கினார். அதைக் கவனிக்கவே எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று.

ஒருநாள் பிளம்பரை அழைத்துக் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து கிழிந்திருந்தது. வாஷர் அமரும் பித்தளை விளிம்பிலும் கீறல் விழுந்திருந்தது. அம்மா மூடாமல் விட்டதாக எண்ணி, நாங்கள் ஒவ்வொரு முறையும் இறுக்கி இறுக்கி மூடியதே அந்தக் கிழிசலை விரைவுபடுத்தியிருந்தது. குறை அவருடைய விரல்களில் இல்லை. எங்கள் தேர்வில் இருந்தது.

குழாயைக் கழற்றுவதற்கு முன்பு அதன் கீழே 200 மில்லி லிட்டர் பிடிக்கும் டம்ளர் ஒன்றை வைத்துப் பார்த்தோம். இருபது நிமிடத்தில் அது நிரம்பிற்று. அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், ஓர் ஆண்டுக்கு 5,200 லிட்டருக்கும் மேல். கோடையில் எங்கள் அடுக்ககத்துக்கு வரும் சிறிய டேங்கர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. பெங்களூருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்விசையால் ஏற்றப்பட்டு வருகிறது. அவ்வளவு செலவில் மேலேறிவந்த நீர், ஒரு சிறு வாஷரின் குறையால் கழிவுநீர்க் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலாவது: நீரின் அழுத்தம்

குழாயில் நீர் எவ்வளவு விசையோடு வரும் என்பதை மேல்நிலைத் தொட்டியின் உயரமே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். தனி வீட்டின் மேல்மாடியில், மொட்டைமாடித் தொட்டி தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கே கிடைப்பது வெறும் 0.3 பார்தான். பத்து மாடி அடுக்ககத்தின் தரைத்தளத்திலோ அது 3 பாருக்குக் குறையாது.

இன்று விற்கப்படும் மிக்சர் குழாய்களுள் பல, உயர் அழுத்தத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் நீர்ப்பாதை குறுகலானது. குறைந்த அழுத்தமுள்ள மேல்மாடியில் அவற்றைப் பொருத்தினால் நீர் நூலாக ஒழுகும். ஒரு குழாய் செவ்வனே இயங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைப் பல தயாரிப்பாளர்கள் பெட்டியிலோ கையேட்டிலோ குறிப்பிடுகிறார்கள். அதைக் கேட்டுப் படித்த பின்னரே விலையைப் பேசுவது நன்று. அழுத்தம் குறைந்த வீட்டுக்குக் குளிர்நீர் மட்டும் வரும் எளிய பில்லர் குழாயே பெரும்பாலும் பொருத்தமாக அமையும்.

இரண்டாவது: நீரின் கடினத்தன்மை

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பது நாட்டின் பல பகுதிகளில் இயல்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவீடு, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லி கிராம் என்பதை ஏற்கத்தக்க வரம்பாகவும், மாற்று நீர் ஆதாரம் இல்லாதவிடத்து 600 மில்லி கிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வகுத்துள்ளது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் துல்லியமான அளவு தெரிந்துவிடும். அதற்கு முன்பே வீட்டிலுள்ள அடையாளங்கள் சொல்லிவிடும். சோப்பு எளிதில் நுரைக்கவில்லை என்றாலும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவம் இருந்தாலும் அது கடின நீரே.

இத்தகைய நீருக்குக் குழாய் வாங்கும்போது மூன்றைக் கருத வேண்டும். முதலாவதாக, நீர் வெளிவரும் முனையிலுள்ள வலைவடிகட்டியைக் கையால் கழற்றித் தூய்மை செய்ய முடிய வேண்டும். இரண்டாவதாக, மங்கிய கறுப்பு நிறக் குழாய்கள் இப்போது விரும்பி வாங்கப்பட்டாலும், அவற்றின் மீது உப்புக்கறை ஒவ்வொரு துளியாகத் தெரியும். மெருகு குறைந்த எஃகு நிறத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. மூன்றாவதாக, உள்பாகங்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கடின நீரில் அவற்றை ஒருமுறையேனும் மாற்ற நேரும்.

குழாயின் உள்ளே

திருகு சுழல, அதன் முனையிலுள்ள வாஷர் கீழிறங்கி நீர்வழியை அடைக்கும் முறை இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் இயங்கிய கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பகத்தார் 1845-இல் காப்புரிமை பெற்றது. இன்றும் நம் வீடுகளில் அது வழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, பழுதுபார்ப்பது எளிது, சில ரூபாயில் வாஷரை மாற்றிவிடலாம் என்பன அதன் சிறப்புகள். ஆனால் பலமுறை திருக வேண்டும். மூடும்போது விரல்களுக்கு வலிமை வேண்டும். ரப்பர் தேயத் தேயச் சொட்டும்.

இதற்கு மாற்றாக வந்தது செராமிக் டிஸ்க் முறை. நன்கு மெருகேற்றப்பட்ட இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் வட்டுகளின் துளைகள் நேர்ப்பட்டு நீர் வரும். திருப்பி வைத்தால் நின்றுவிடும். இறுக்க வேண்டியதே இல்லை. இதன் பகை மணல்துகள். ஒரு துகள் வட்டுகளுக்கு இடையே சிக்கினால் கீறல் விழுந்து சொட்டத் தொடங்கும். அப்போது உள்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும். ஆகவே மணல் கலந்து வரும் போர்வெல் நீருள்ள வீட்டில், வடிகட்டியை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு இத்தகைய குழாயை வாங்குவதே முறை.

வெந்நீரும் குளிர்நீரும் ஒரே கைப்பிடியில் கலந்து வருவது சிங்கிள் லீவர் மிக்சர். இரு திருகுகள் கொண்ட குழாயில் எதிர்பாராமல் வெந்நீர் வந்து கையைச் சுட்டதே, அமெரிக்கரான ஆல் மோயனை 1937-இல் இதைப் பற்றிச் சிந்திக்க வைத்தது என்பர். இதை வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கைப்பிடி நடுவில் இருக்கும்போது, நாம் அறியாமலேயே கீசரிலிருந்தும் நீர் வருகிறது. சில நொடிகள் கைகழுவும்போது அந்த வெந்நீர் கைக்கு வந்து சேருமுன்பே குழாயை மூடிவிடுகிறோம். இடைவழியில் தங்கிய வெந்நீர் ஆறிப்போகிறது. அதைச் சூடாக்கிய மின்சாரம் வீணாகிறது. கைப்பிடியைக் குளிர்நீர்ப் பக்கமே வைத்திருக்கும் பழக்கத்தை வீட்டில் அனைவருக்கும் சொல்லித்தருவது மின்கட்டணத்துக்கு நல்லது.

கையை நீட்டினால் தானே திறக்கும் சென்சார் குழாய், பலர் வந்து செல்லும் இடங்களுக்கு ஏற்றது. அதற்கு மின்கலமோ மின்னிணைப்போ வேண்டும் என்பதையும், பழுதானால் உள்ளூர் பிளம்பரால் சரிசெய்ய முடியாமற்போகலாம் என்பதையும் எண்ணிப்பார்த்த பிறகே வீட்டுக்கு வாங்க வேண்டும்.

குழாயின் உடல்

வெளியே ஒரே பளபளப்பாகத் தெரியும் குழாய்களின் உள்ளே வெவ்வேறு உலோகங்கள் இருக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையே குழாய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் உலோகம். அதன்மீது நிக்கல், குரோமியம் முலாம் பூசப்படுகிறது. பெரும்பகுதி துத்தநாகமான கலவையில் வார்த்த உடலுக்கும் அதே முலாம் பூசலாம். ஆனால் நீரில் அது பித்தளையைப் போல் உழைப்பதில்லை, மரைப் பகுதி உடைந்துபோகிறது. கைப்பிடி அத்தகைய கலவையில் இருப்பதில் தவறில்லை. நீர் தங்கும் உடல் பித்தளையில் இருக்க வேண்டும். எதில் செய்தது என்பதை ரசீதில் எழுதித் தரும்படி கேட்பது நம் உரிமை.

304 தரத்திலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களில் முலாம் இல்லை. ஆகவே அது உரிந்துபோகும் என்ற கவலையும் இல்லை. பி.டி.எம்.டி. எனப்படும் நெகிழிக் குழாய்கள் துருப்பிடிக்காதவை, மலிவானவை. உப்பு நீருள்ள இடங்களுக்கும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் அவை தாழ்வானவை அல்ல. ஆனால் மிகையாக இறுக்கினால் மரை உடையும். வெந்நீர் இணைப்புக்கு ஏற்றதா என்றும் கேட்டறிய வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயில் அதன் கீழ் ஓர் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால் உரிமம் உண்மையானதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

பேசினும் குழாயும்

குழாயும் பேசினும் தனித்தனியே அழகாக இருந்தால் போதாது. ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நீர்த்தாரை பேசினின் கழிவுத் துளைக்குச் சற்று முன்னால் விழுவது நன்று. குழாயின் மூக்கு குட்டையாக இருந்தால், கையைப் பேசினின் பின்சுவரில் இடித்துக்கொண்டே கழுவ நேரும். மிக உயரமாக இருந்தால் நீர் தெறித்து, சட்டையும் தரையும் நனையும். ஈரத்தரை முதியோருக்கு ஆபத்தானது என்பதால் இதைச் சிறு குறையாகக் கருத முடியாது.

மேடைமேல் வைக்கும் கிண்ண வடிவப் பேசின்களுக்கு உயரமான உடல் கொண்ட குழாய் வேண்டும். பேசினில் துளை உண்டா, ஒன்றா மூன்றா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைத் துளை மிக்சர்களுக்குப் பொதுவாக ஏறத்தாழ 35 மில்லி மீட்டர் விட்டமுள்ள துளை தேவை. சுவரில் பதிக்கும் குழாய் பார்ப்பதற்குத் தூய்மையானது. ஆனால் அதன் இடத்தை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். பிற்காலத்தில் கசிந்தால் சுவரை உடைக்கவும் நேரலாம்.

ஏரேட்டர் என்னும் சிறு வலை

2024 மார்ச்சில் பெங்களூரு கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தபோது, அந்நகரின் குடிநீர் வாரியம் வணிக வளாகங்கள், உணவகங்கள், பொது இடங்கள் ஆகியவற்றின் குழாய்களில் ஏரேட்டர் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. நீரோடு காற்றைக் கலந்து, குறைந்த நீரையே நிறைந்த தாரையாகக் கைக்கு உணர்த்தும் சிறு வலைமுனை அது. அதுவரை பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அதன் பயனை வீட்டிலேயே கணக்கிடலாம். ஒரு லிட்டர் குவளையைக் குழாயடியில் வைத்து, எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 6 நொடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 15 நொடி என்றால் 4 லிட்டர். ஒருமுறை கைகழுவக் குழாய் அரை நிமிடம் திறந்திருப்பதாகக் கொண்டால், முன்னதில் 5 லிட்டரும் பின்னதில் 2 லிட்டரும் செலவாகும். நால்வர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் நாளுக்கு எட்டு முறை கைகழுவினால் மிச்சம் 96 லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குரிய நீர்த் தேவையாகத் திட்டமிடுவோர் கொள்ளும் அளவு 135 லிட்டர். அதில் மூன்றில் இரு பங்குக்கு மேல் இச்சிறு வலையால் மிஞ்சுகிறது. ஆனால் நீர் ஏற்கெனவே மெதுவாக வரும் மேல்மாடிக் குழாய்க்கும், வாளி நிரப்பும் குழாய்க்கும் இதைப் பொருத்துவதால் பயனில்லை.

விலையும் செலவும்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 600 ரூபாய்க்கு வாங்கிய குழாய் இரண்டு ஆண்டுகளில் பழுதாகிறது என்றும், மாற்றும் கூலி 400 ரூபாய் என்றும் கொள்வோம். பத்து ஆண்டுகளில் ஐந்து குழாய். மொத்தம் 5,000 ரூபாய். 1,800 ரூபாய்க் குழாய் ஒன்றைப் பொருத்தி, இடையில் ஒருமுறை 400 ரூபாய்க்கு உள்பாகத்தை மாற்றி, இருமுறை கூலி கொடுத்தாலும் ஆவது 3,000 ரூபாயே. குறைந்த விலை எப்போதும் குறைந்த செலவாகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஓர் எல்லைக்கு மேல் நாம் கொடுக்கும் கூடுதல் விலை வடிவத்துக்கும் நிறத்துக்கும் உரியது, ஆயுளுக்கு உரியதன்று. பத்தாயிரம் ரூபாய்க் குழாயின் உள்ளேயும் இருப்பது அதே பீங்கான் வட்டுகள்தான். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அழகுப் பொருளில் கரைப்பதைவிட, நடுத்தர விலையில் உறுதியான குழாய்களை வீடு முழுவதும் பொருத்தி, எஞ்சியதை முதல் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கிவைப்பது அறிவுடைமை. ஜி.எஸ்.டி. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் உத்தரவாதத்தை மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பொருத்தும் நாளில்

புது வீட்டுக் குழாய்வழியில் சிமெண்டுத் துகளும் பிளாஸ்டிக் சீவலும் தங்கியிருக்கும். குழாயைப் பொருத்துமுன் நீரைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு அவற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால் கெட்ட புதுக் குழாய்கள் பல. பேசினுக்குக் கீழே ஆங்கிள் வால்வு இருக்கட்டும். பழுது நேர்ந்தால் அதை மட்டும் மூடினால் போதும், வீடு முழுவதும் நீரை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து வலைமுனையைக் கழற்றிக் கழுவுங்கள். உப்புப் படிந்திருந்தால் அதை மட்டும் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். குழாயின் உடலை மென்துணியால் துடைத்தால் போதும். தரை கழுவும் அமிலம் முலாமை அரித்துவிடும்.

கடைக்குச் செல்லுமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையிலான உயரம்.
2. நீர் ஆற்று நீரா, போர்வெல் நீரா, மணல் வருமா.
3. பேசினின் துளை எண்ணிக்கை, விட்டம், கழிவுத் துளை வரையிலான தொலைவு.
4. வெந்நீர் இணைப்பு உண்டா.
5. வீட்டிலுள்ள முதியோர், குழந்தைகளின் கைகளுக்கு எந்தக் கைப்பிடி எளிது.
6. உள்பாகங்களும் பழுதுபார்ப்போரும் நம் ஊரில் கிடைப்பார்களா.

ஐந்தாவதை எங்களைப் போல் மறந்துவிடாதீர்கள். இயன்றால் வீட்டுப் பெரியவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கையைச் சற்று நனைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களால் பற்றாமல், மணிக்கட்டாலோ புறங்கையாலோ இயக்க முடிந்தால் அதுவே நல்ல கைப்பிடி.

எங்கள் வீட்டில் உருண்டைத் திருகு போய், நீண்ட கைப்பிடியுள்ள பித்தளைக் குழாய் வந்தது. அதைப் பார்த்துப் பாராட்டியவர் எவருமில்லை. பொருத்திய அன்று மாலை அம்மா புறங்கையால் அதைத் தட்டித் திறந்தார், கழுவினார், தட்டி மூடினார். சற்று நேரம் நின்று குழாயின் முனையையே பார்த்தார். ஒரு துளியும் விழவில்லை. வாளியடியில் இருந்த குவளையை எடுத்து அதனிடத்தில் மாட்டிவிட்டுச் சென்றார்.